அந்தச் சில நொடி: டயப்பரை விடக் குழந்தை தயாரா?

திரைச்சீலைக்குப் பின்னால் குழந்தை நிற்கிறது. கையில் பொம்மை கார். அதுவரை 'டுர்ர்ர்' என்று ஓடிக்கொண்டிருந்த கார் நின்றுவிட்டது. பார்வை எங்கோ நிலைகுத்தியிருக்கிறது, முகம் லேசாகச் சிவக்கிறது, கால்கள் அகன்று முழங்கால் கொஞ்சம் மடங்குகிறது. கூப்பிட்டால் திரும்பாது. ஒரு நிமிடம் கழித்து கார் மறுபடி ஓடும். அறையில் வாடை வரும்.

பெரியவர்கள் சிரித்துக்கொண்டே டயப்பர் மாற்றப் போவார்கள். ஆனால் அங்கே நடந்ததை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். வரப்போகிறது என்று குழந்தைக்குத் தெரிந்தது. விளையாட்டை நிறுத்தியது. ஆள் பார்க்காத இடம் தேடிப் போனது. அங்கே போய்ச் சேரும்வரை அடக்கியும் வைத்திருந்தது. கழிப்பறைக்குப் போகும் பெரியவர் செய்வதும் இதைத்தான், இடம் மட்டும் வேறு.

"எத்தனையாவது மாதத்தில் தொடங்கலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மாதத்தைவிட முக்கியமானது ஒரு சின்ன இடைவெளி: 'வருது' என்று குழந்தை உணர்வதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவில் உள்ள நேரம். அந்த நேரத்துக்குள் விளையாட்டை விட வேண்டும், சொல்ல வேண்டும் அல்லது நடக்க வேண்டும், ஜட்டியை இறக்க வேண்டும், உட்கார வேண்டும். அந்த இடைவெளியே இல்லாத குழந்தையை நாள் முழுக்க உட்காரவைத்தாலும், தற்செயலாக விழுவதைப் பிடிக்கலாம், பழக்கம் வராது. தொடக்கத்தில் இந்த இடைவெளி சில நொடிதான்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சிறுநீரையோ மலத்தையோ நினைத்து அடக்கும் திறன் கிடையாது. அடுத்த ஆறு மாதமும் இருப்பது மிகக் கொஞ்சம். சிறுநீர்ப்பை நிறைந்தால் அனிச்சையாகச் சுருங்கிக் கொட்டிவிடும். 'இரு, இப்போ வேண்டாம்' என்று தடுக்க மூளை கற்றுக்கொள்வது 18 மாதத்துக்கு மேல், அதுவும் மெல்ல மெல்ல. பெரும்பாலான குழந்தைகளிடம் அறிகுறிகள் 18 மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையே தெரிய வரும். பெண் குழந்தைகள் சராசரியாகச் சில மாதம் முந்திக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு அந்தச் சராசரி தெரியாது என்பது வேறு விஷயம்.

குழந்தை தயாராகும்வரை பொறுக்கலாம் என்ற அணுகுமுறைக்கு அடிக்கல் நாட்டியது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டி. பெர்ரி பிரேசல்டன் 1962இல் வெளியிட்ட கட்டுரை. 1,170 குழந்தைகளின் பதிவுகளை வைத்து எழுதப்பட்டது. பகல் கட்டுப்பாடு முழுதாக வந்த சராசரி வயது அதில் 28.5 மாதம். 2003இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், 27 மாதத்துக்கு முன் தீவிரப் பயிற்சியைத் தொடங்கியவர்களுக்குப் பெரிய லாபம் தெரியவில்லை. சீக்கிரம் தொடங்கியவர்களுக்குப் பயிற்சிக் காலம்தான் நீண்டது. 20 மாதத்தில் தொடங்கி ஒரு வருடம் தரை துடைப்பதா, 28 மாதத்தில் தொடங்கிச் சில மாதத்தில் முடிப்பதா என்பது அவரவர் முடிவு. எங்கள் கட்சி இரண்டாவது.

கைக்குழந்தையின் முகக்குறிப்பு அறிந்து, காலில் உட்காரவைத்து, 'ஸ்ஸ்ஸ்' என்று ஒலியெழுப்பிப் பழக்குகிறவர்கள் உலகில் பல இடங்களில் இருக்கிறார்கள். அதில் தவறில்லை, டயப்பர் செலவும் மிச்சம். ஆனால் அங்கே நேரம் பார்த்துத் தூக்கிப் போவது பெரியவர். நாம் இங்கே பேசுவது குழந்தை தானாகச் செய்வதைப் பற்றி.

மூன்று நாள் தாள்

ஊகத்தை விட்டுவிட்டு ஒரு தாளை எடுங்கள். காய்ச்சல், பயணம், விருந்தாளி எதுவும் இல்லாத மூன்று சாதாரண நாள்களைத் தேர்ந்தெடுங்கள். குழந்தை விழித்தது முதல் தூங்கும்வரை மணிக்கு ஒருமுறை டயப்பரைப் பார்த்து, 'காய்ந்தது', 'ஈரம்', 'மலம்' என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள். என்ன குடித்தது, எப்போது தூங்கியது என்பதையும் ஓரத்தில் குறியுங்கள்.

இன்றைய டயப்பர்கள் ஈரத்தை விழுங்கிவிடுவதால் தொட்டுப் பார்த்துத் தெரியாது. உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் துணியையோ மடித்த டிஷ்யூ பேப்பரையோ வைத்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும். மூன்று நாளைக்குத் துணி நாப்கின் கட்ட முடிந்தால் இன்னும் நல்லது. குழந்தைக்கும் அந்த ஈரம் தெரியுமே!

மூன்றாம் நாள் இரவு தாளைப் பாருங்கள். ஒன்றரை இரண்டு மணி நேரம் காய்ந்திருந்து பிறகு ஒரே தடவையில் நன்றாக நனைந்திருந்தால், பை சேர்த்து வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. பையின் கொள்ளளவுக்கு மருத்துவர்கள் போடும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் மில்லி லிட்டர். இரண்டு வயதுக்கு 90 மில்லி, அதாவது ஒரு சிறு டம்ளர். பகல் தூக்கத்திலிருந்து காய்ந்த டயப்பரோடு எழுந்தால் அது இன்னும் நல்ல செய்தி. மாறாக, ஒவ்வொரு மணிக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஈரமாக இருந்தால் பை இன்னும் தயாராகவில்லை, அல்லது மலச்சிக்கலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம். மலம் ஏறக்குறைய ஒரே நேரத்தில், பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறதா என்பதையும் பாருங்கள். வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசைவது உடம்பின் இயல்பு. பின்னால் இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்.

சொல்லும் நேரம் மாறுவதைக் கவனியுங்கள்

அறிகுறிகளில் எதை நம்பலாம் என்று கேட்டால், நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். குழந்தை சொல்லும் நேரம் மூன்று கட்டமாக நகரும். முதலில் எல்லாம் முடிந்த பிறகு வந்து டயப்பரைத் தட்டிக் காட்டும். சில வாரம் கழித்து, போய்க்கொண்டிருக்கும்போதே நின்று குனிந்து பார்க்கும். அதற்கும் பிறகுதான் வரும் முன்பே சொல்லும், அல்லது கால் மாற்றி மாற்றி நிற்கும், தொடையை இறுக்கும், மூலைக்குப் போகும். முதல் கட்டத்தைப் பார்த்ததுமே 'சொல்லத் தெரியுது, ஆரம்பிச்சிடலாம்' என்று டயப்பரைக் கழற்றுவதுதான் நாம் அதிகம் பார்க்கும் அவசரம். இரண்டாம் கட்டம் வாடிக்கையாகிவிட்டால் தொடங்கலாம். மூன்றாம் கட்டம் தானே வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அதைப் பயிற்சியே கொண்டுவரும்.

பேச்சு வந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'மூச்சா', 'கக்கா' என்ற சொல்லோ, வயிற்றைத் தொடுவதோ, கையை இழுப்பதோ, ஒரு படத்தைக் காட்டுவதோ எதுவும் போதும். பேச்சு தாமதமாகும் குழந்தைக்கும் ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் படிகளைப் படமாகச் சுவரில் ஒட்டிவைப்பது நன்றாக உதவும். வீட்டில் எந்தச் சொல் என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். அம்மா ஒரு சொல், அப்பா ஒரு சொல், பாட்டி வேறொரு சொல் என்றால் குழந்தை எதைப் பிடித்துக்கொள்ளும்? (பாட்டி என்றதும் ஞாபகம்: குழந்தை மூச்சா, கக்கா போக உட்காரும் சின்ன இருக்கையான 'பாட்டி சீட்' (potty seat) என்பது தமிழில் எழுதினால் பாட்டியின் இருக்கை ஆகிவிடுகிறது. இதற்கு ஒரு நல்ல சொல்லை இன்னும் யாரும் தரவில்லை. இங்கே 'குட்டி சீட்' என்றே வைத்துக்கொள்வோம்.)

அடுத்து, புரிதல். "அந்தப் பந்தை எடுத்து, கூடையில போடு" என்பது இரண்டு படி உள்ள ஏவல். இதைச் செய்துவிட்டால் "ஜட்டியை இறக்கு, உட்காரு" என்பதும் புரியும்.

கைவேலையைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஜட்டியை இறக்கத் தெரியாத குழந்தை, வருவது தெரிந்தும் நனைத்துக்கொள்ளும். அதன் கையைக் கிட்டே இருந்து பாருங்கள்: வயிற்றுப் பக்கம் எலாஸ்டிக்கைப் பிடித்து இழுக்கும். முன்பக்கம் இறங்கும், பின்பக்கம் புட்டத்தில் மாட்டி நிற்கும். அப்படியே உட்கார்ந்தால் துணி நனையும், குழந்தை கத்தும். இரண்டு கட்டைவிரலையும் இடுப்பின் இரு பக்கத்திலும் எலாஸ்டிக்குக்குள் விட்டுக் கீழே தள்ளச் சொல்லிக்கொடுங்கள். மேலே இழுக்கும்போது ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால். ஒரு அளவு பெரிய, தளர்வான எலாஸ்டிக் ஜட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள். பட்டன், பெல்ட், தோள்பட்டை வைத்த முழு உடைகள் சில மாதம் அலமாரியில் இருக்கட்டும். இந்தக் கைப்பழக்கத்தைப் பயிற்சி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே, குளிக்கும் நேரத்தில் விளையாட்டாகத் தொடங்கிவிடலாம்.

ஏமாற்றும் அறிகுறிகளும் உண்டு. ஃபிளஷ்ஷை அழுத்த ஆசைப்படுவது தண்ணீர் விளையாட்டு, அவ்வளவுதான். டயப்பரைப் பிய்த்து எறிவது பல நேரம் தடிப்பாலோ, டயப்பர் இறுக்கத்தாலோ இருக்கும், தோலைப் பாருங்கள். மூன்று நான்கு மணி நேரம் காய்ந்தே இருக்கிறது, வரும்போது அடர் மஞ்சளாக, நெடியோடு வருகிறது என்றால் குழந்தை போதிய தண்ணீர் குடிக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளை டயப்பரை விட்டுவிட்டது என்பது நம் வீட்டுப் பிள்ளையின் அறிகுறியே அல்ல.

மலச்சிக்கல் இருந்தால் தொடங்காதீர்கள்

பயிற்சி கெட்டுப்போகும் வீடுகளில் பாதிக்கதை இங்கேதான் ஆரம்பிக்கும். ஒருமுறை கெட்டியான மலம் வலியோடு போகிறது. அடுத்த முறை வரும்போது குழந்தை அதை அடக்குகிறது. குடலில் தங்கத் தங்க மலத்தின் நீர் உறிஞ்சப்பட்டு இன்னும் கெட்டியாகிறது, வலியும் கூடுகிறது. நாளாவட்டத்தில் மலக்குடல் விரிந்து உணர்ச்சி மழுங்குகிறது. அப்போது கெட்டி மலத்தைச் சுற்றித் தண்ணீராக மலம் ஒழுகி ஜட்டியில் கறையாகும். வீட்டார் அதைப் பேதி என்று நினைத்துக்கொள்வார்கள், அல்லது வேண்டுமென்றே செய்கிறது என்று திட்டுவார்கள். நிறைந்த குடல் சிறுநீர்ப்பையையும் அழுத்தும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக நனைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முக்குவதையும் அடக்குவதையும் வேறுபடுத்திப் பார்க்கப் பழகுங்கள். முக்கும் குழந்தை குந்தும், முழங்கால் மடங்கும். அடக்கும் குழந்தை நிமிர்ந்து, காலை விறைத்து, நுனிக்காலில் நிற்கும். தொடையைப் பின்னிக்கொள்ளும், புட்டத்தை இறுக்கும், மேசையைப் பிடித்துக்கொண்டு ஆடும். இரண்டிலும் முகம் சிவக்கும் என்பதால் குழப்பம் வருகிறது. பார்க்க வேண்டியது கால்களை.

உருண்டை உருண்டையாகவோ, குழந்தையின் உடம்புக்குப் பொருந்தாத பெரிய கட்டியாகவோ மலம் வந்தால் பயிற்சியைத் தள்ளிவையுங்கள். தண்ணீர், பழம், காய்கறி, பருப்பு, முழுதானியம் கூடட்டும். பாலைக் கவனியுங்கள். நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டும்போது வயிறு பாலிலேயே நிறைந்து, நார்ச்சத்துள்ள சாப்பாட்டுக்கு இடம் இருக்காது. இதில் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் போய் மலத்தை இளக்கும் மருந்து கேளுங்கள். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மருத்துவர் கொடுத்ததைப் பாதியில் நிறுத்தவும் வேண்டாம். விரிந்த குடல் பழைய நிலைக்கு வரச் சில மாதம் பிடிக்கும். வலியில்லாமல், இளக்கமாக, சில வாரம் தொடர்ந்து போன பிறகே குட்டி சீட் வெளியே வர வேண்டும்.

குழந்தை தயாராக இருந்தாலும் வீடு தயாராக இல்லாத நேரம் உண்டு. தம்பி பாப்பா பிறந்திருக்கிறது, வீடு மாறுகிறீர்கள், பார்த்துக்கொள்பவர் மாறியிருக்கிறார், இப்போதுதான் காய்ச்சலிலிருந்து எழுந்திருக்கிறது என்றால் நாலைந்து வாரம் கழித்துப் பார்க்கலாம்.

தொடங்கும் விதம்

இடைவெளி சில நொடிதான் என்றோமே, அதனால் குட்டி சீட் குழந்தை விளையாடும் இடத்திலிருந்து நான்கைந்து அடிக்குள் இருக்கட்டும். கழிப்பறைக்கு நகர்த்துவது பிறகு. கால் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். பெரிய கழிப்பறைக் கோப்பையில் வளையம் பொருத்துவதானால் காலுக்கு உறுதியான மணை போடுங்கள். கால் தொங்கினால் இடுப்புத் தசை இளகாது, மலம் இறங்காது. குந்தி உட்காரும் கழிப்பறையில் தோரணை தானாகவே சரியாக அமையும், ஆனால் குழி அகலம் குழந்தையைப் பயமுறுத்தும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பையன்களும் முதலில் உட்கார்ந்தே பழகட்டும். நின்று போகக் கற்றுவிட்டால் மலத்துக்கு உட்கார மாட்டேன் என்பார்கள்.

முதல் வாரம் உடையோடு சும்மா உட்காரட்டும். அடுத்து டயப்பர் மாற்றும்போது வெறும் உடம்போடு ஒரு நிமிடம். டயப்பரில் இருக்கும் மலத்தை அதன் கண் முன்னாலேயே குட்டி சீட்டில் போட்டுக் காட்டுங்கள்: "கக்கா இங்கதான் போகணும்." அதன்பின் ஒரு நாள் பகலில் டயப்பரை முழுதாக விட்டுவிடுங்கள். கொஞ்ச நேரம் டயப்பர், கொஞ்ச நேரம் ஜட்டி என்று மாற்றி மாற்றிப் போட்டால் எது எதற்கு என்று குழந்தைக்குப் புரியாது.

விழித்ததும், சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள்ளும், தூங்கப் போகும் முன்னும், இடையில் உங்கள் தாள் காட்டும் இடைவெளிக்குச் சற்று முன்னும் உட்காரவையுங்கள். மூன்று நான்கு நிமிடம் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்துக்கொண்டு போனால் பை நிறையவே நிறையாது; நிறைந்த உணர்வை அறியாத குழந்தை எதைச் சொல்லும்? "மூச்சா வருதா?" என்று கேட்காதீர்கள், பதில் எப்போதும் "இல்ல"தான். "உட்கார நேரமாச்சு, கார் இங்க நிக்கட்டும், வந்து ஓட்டலாம்" என்றால் வேலை நடக்கும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும், கழுவுவதும் அப்படியே. மாற்றிச் செய்தால் மலக் கிருமி சிறுநீர்ப்பாதைக்குப் போகும். குழந்தை எழுந்து விலகிய பிறகே ஃபிளஷ். அந்தச் சத்தத்துக்கே பல குழந்தைகள் உட்கார மறுக்கின்றன.

ஸ்டிக்கர், கைதட்டல் எல்லாம் உட்கார்ந்ததற்குக் கொடுங்கள், போனதற்குக் கொடுக்காதீர்கள். போனால்தான் ஸ்டிக்கர் என்றால் கெட்டிக்காரப் பிள்ளை ஐந்து ஐந்து சொட்டாகப் போய் அட்டையை நிரப்பிவிடும். தரையில் போய்விட்டால் குரல் மாறாமல், "மூச்சா கீழ போயிடுச்சு, அடுத்த தடவை சீட்ல போகலாம்" என்று சொல்லித் துடைத்துவிடுங்கள். அவமானப்பட்ட குழந்தை ஒளிந்து போகும், பிறகு அடக்கும், அடக்கினால் மறுபடி மலச்சிக்கல்.

மூச்சாவெல்லாம் சரியாகப் போய்விட்டு, மலத்துக்கு மட்டும் டயப்பர் கேட்கும் குழந்தைகள் நிறைய உண்டு. மறுத்தால் அடக்கிக்கொள்ளும். டயப்பரைக் கொடுங்கள், ஆனால் கழிப்பறைக்குள் நின்று போகட்டும். சில நாள் கழித்து டயப்பரோடு சீட்டில் உட்காரட்டும். பிறகு டயப்பரைத் தளர்த்திக் கட்டுங்கள், பிறகு அடியில் ஓட்டை போடுங்கள், கடைசியில் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு படியிலும் குழந்தை இயல்பாகும்வரை நில்லுங்கள்.

இரண்டு வாரம் ஆகியும் எந்த முன்னேற்றமும் இல்லை, அல்லது சீட்டைப் பார்த்தாலே உடம்பை வில்லாக வளைத்து அழுகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். ஒன்று முதல் மூன்று மாதம் டயப்பருக்கே திரும்புங்கள், பேச்சையே எடுக்காதீர்கள். அந்த இடைவெளி இன்னும் விரியவில்லை, அவ்வளவுதான்.

இரவு தனிக் கணக்கு. தூக்கத்தில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனும், பை நிறைந்ததும் விழிக்கும் திறனும் முதிர வேண்டும். பயிற்சியால் இவற்றை அவசரப்படுத்த முடியாது. ஐந்து வயதுக் குழந்தைகளில் சுமார் 15 சதவீதம் பேர் படுக்கையை நனைக்கிறார்கள். காலையில் தொடர்ந்து பல நாள் காய்ந்த டயப்பரோடு எழும்வரை இரவு டயப்பர் இருக்கட்டும்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலைகள்: நான்கு வயதாகியும் பகலில் கட்டுப்பாடு வரவில்லை, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், வலி, ரத்தம், பையனுக்குச் சிறுநீர் கம்பியாகப் பாயாமல் முக்கி முக்கிச் சொட்டுகிறது, பெண் குழந்தை முறையாகப் போய்வந்தும் ஜட்டி எந்நேரமும் ஈரமாகவே இருக்கிறது, ஆறு மாதம் சுத்தமாக இருந்த குழந்தை மறுபடி நனைக்கிறது, கூடவே தாகமும் எடை இழப்பும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும், சர்க்கரை நோயின் தொடக்கமாக இருக்கலாம். முதுகின் அடியில் முடிக்கொத்தோ ஆழமான குழியோ இருந்து, நடையிலும் மாற்றம் தெரிந்தால் தண்டுவடத்தைப் பார்க்கச் சொல்வார்கள். போகும்போது அந்த மூன்று நாள் தாளையும் எடுத்துப் போங்கள். எத்தனை தடவை, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, மலம் எப்படி என்றெல்லாம் மருத்துவர் கேட்கப்போவது அதில் எழுதியிருக்கும்.